அடுத்தவர் பார்வையில் பார்க்கிறோமா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

"அடுத்தவர் இடத்திலிருந்து பார்ப்பது மனதுக்குள் நடக்கும் காரியம். அதை உளவியலாளர்கள் எப்படி அளக்கிறார்கள்? ஆளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் போதுமா?" என்பதுதான் கேள்வி. கேள்வி கேட்கிற முறையும் இருக்கிறது, ஆனால் இந்தத் துறையில் இருப்பதிலேயே பலவீனமானது அதுதான், அதைப் பின்னால் சொல்கிறேன். முக்கியமான வேலை வேறு. ஒரு விஷயத்தில் உங்களுக்குத் தெரிவதும் எதிரே இருப்பவருக்குத் தெரிவதும் வேறுவேறாக இருக்கும்படி ஒரு சூழ்நிலையை வேண்டுமென்றே உண்டாக்கி, நீங்கள் சொல்லும் பதிலை வைத்தே அது யாருடைய பார்வையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. இரண்டு பார்வையும் ஒரே பதிலில் போய் முடிந்தால் அந்தச் சோதனை எதையும் காட்டாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் முக்கால் நூற்றாண்டு ஆராய்ச்சியும், அதில் நடந்த சண்டைகளும் ஓரளவு புரிந்துவிடும்.

ழான் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1948இல் வெளியிட்ட மூன்று மலைச் சோதனையிலிருந்து ஆரம்பிக்கலாம். மேஜை மேல் மூன்று மலைகளின் மாதிரி. ஒன்றின் உச்சியில் பனி, இன்னொன்றில் சிலுவை, மற்றொன்றில் ஒரு சின்ன வீடு. குழந்தை ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும், ஒரு பொம்மையை வேறொரு பக்கத்தில் வைப்பார்கள். பத்துப் படங்களைக் காட்டி, அந்தப் பொம்மைக்கு எந்தப் படம் மாதிரி தெரியும் என்று கேட்பார்கள். நாலு வயதுக் குழந்தை பெரும்பாலும் தனக்குத் தெரிவதையே எடுத்துக் கொடுத்தது. ஏழெட்டு வயதில் தடுமாற்றம் குறைகிறது, ஒன்பது பத்து வயதில்தான் நிச்சயமாகச் சொல்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தங்கள் பார்வையைத் தவிர வேறு பார்வை ஒன்று உண்டு என்பதே எட்டுவதில்லை என்று பியாஜே முடிவு கட்டினார்.

அந்த முடிவு பல வருடங்கள் அசையாமல் நின்றது. 1970களில் எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ் என்ற ஆய்வாளர் வேறொரு விளையாட்டை வைத்தார். இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று வெட்டிக் கூட்டல் குறி மாதிரி நிற்கும். இரண்டு போலீஸ் பொம்மைகள் இரண்டு இடத்தில். ஒரு சிறுவன் பொம்மையைக் குழந்தையிடம் கொடுத்து, இரண்டு போலீஸ்காரர்கள் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்து வை என்பார்கள். குழந்தையின் கண்ணுக்கு எல்லா மூலையும் தெரியும், ஆகவே 'எனக்குத் தெரிகிறதா' என்று பார்த்து வைத்தால் சரியாக வராது. மூன்றரையிலிருந்து ஐந்து வயது வரையிலான முப்பது குழந்தைகளிடம் கிடைத்த பதில்களில் பத்தில் ஒன்பது சரி! இதை மார்கரெட் டொனால்ட்சன் 1978இல் எடுத்துச் சொல்லி விளக்கினார்: ஒளிவதும் தேடுவதும் குழந்தைக்கு அர்த்தமுள்ள காரியம், அதில் யாருக்கு என்ன வேண்டும் என்பது குழந்தைக்குப் புரிகிறது, முகமில்லாத ஒரு பொம்மைக்கு மலை எப்படித் தெரியும் என்று கேட்டால், இவர்கள் எதற்காக இதைக் கேட்கிறார்கள் என்பதே அதற்குப் பிடிபடாது.

பியாஜே தவறு, ஹியூஸ் சரி என்று இதைச் சுருக்கிவிடுவதை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு சோதனையும் கேட்கும் கேள்வியே வேறு. ஒன்றில் 'அவனுக்குத் தெரிகிறதா இல்லையா' என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதில் 'அவனுக்கு எப்படித் தெரிகிறது' என்று சொல்ல வேண்டும். இந்தப் பிரிவினையைத் தெளிவாகப் போட்டவர் ஜான் ஃப்ளேவல். அவரும் கூட இருந்தவர்களும் வைத்த சோதனைகள் அவ்வளவு எளிமையானவை. ஒரு அட்டையின் ஒரு பக்கம் நாய், மறுபக்கம் பூனை. அட்டையைக் குழந்தைக்கும் தனக்கும் நடுவில் செங்குத்தாகப் பிடித்து, 'எனக்கு என்ன தெரிகிறது' என்று ஆய்வாளர் கேட்டால் மூன்று வயதுக்குள்ளேயே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு ஆமைப் படத்தை மேஜையில் படுக்கையாக வைத்து எதிரெதிரே உட்கார்ந்து, எனக்கு ஆமை காலில் நிற்கிற மாதிரி தெரிகிறதா, மல்லாந்து கிடக்கிற மாதிரி தெரிகிறதா என்று கேட்டால் அதே மூன்று வயதுக் குழந்தை தனக்குத் தெரிவதையே சொல்லும். நாலு, நாலரை வயதில் அது மாறுகிறது. முதலாவதை முதல் நிலை என்றும் அடுத்ததை இரண்டாம் நிலை என்றும் இன்று வரை சொல்கிறார்கள்.

இந்த இரண்டும் பெரியவர்களின் மனதிலும் வேறுவேறு வேலைகள்தான் என்று காட்டியது பாஸ்கல் மிஷெலான், ஜெஃப் சாக்ஸ் இருவரும் 2006இல் செய்த ஆய்வு. படத்தில் ஓர் உருவம் நிற்கிறது. அதற்கு ஒரு பொருள் தெரிகிறதா என்று கேட்டால், அந்த உருவம் நம்மிடமிருந்து எவ்வளவு திரும்பி நிற்கிறது என்பது பதில் சொல்லும் நேரத்தைப் பாதிப்பதில்லை. உருவத்துக்கும் பொருளுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பாதிக்கிறது, மனதுக்குள் ஒரு கோடு இழுத்துப் பார்க்கிற மாதிரி. பொருள் அந்த உருவத்துக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டால் கதை மாறுகிறது: கோணம் கூடக் கூட நேரமும் கூடுகிறது. அதாவது நாம் மனதாலேயே சுற்றிப் போய் அந்த இடத்தில் நிற்கிறோம். கிளாஸ் கெஸ்லரும் லிண்ட்சே தாம்சனும் 2010இல் இன்னொன்று கண்டார்கள். பதில் சொல்பவரின் உடம்பு ஏற்கனவே அந்தத் திசையில் திரும்பியிருந்தால் பதில் சீக்கிரம் வருகிறது, எதிர்த்திசையில் திரும்பியிருந்தால் தாமதமாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மில்லி விநாடிக் கணக்கில் பிடிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு ஆய்வையும்தான் முதலில் சொல்வேன்.

சரி, இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி. அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்பதற்கு வருவோம். 1978இல் டேவிட் பிரீமாக், கை வுட்ரஃப் இருவரும் சிம்பன்சிக்கு மனக்கோட்பாடு (அடுத்தவருக்கும் மனம் உண்டு, அதில் நினைப்பும் நோக்கமும் உண்டு என்ற புரிதல்) உண்டா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். சாரா என்ற சிம்பன்சிக்கு, எட்டாத உயரத்தில் இருக்கும் வாழைப்பழத்துக்காக ஒருவர் திண்டாடுவது போன்ற வீடியோக்களைக் காட்டி, பிறகு சில புகைப்படங்களைக் கொடுத்தார்கள். பிரச்சினைக்குத் தீர்வான படத்தை சாரா எடுத்தது. அந்த மனிதரின் நோக்கத்தை அது புரிந்துகொண்டது என்பது அவர்கள் வாதம். கட்டுரையோடு சேர்ந்து வந்த கருத்துரைகளில் டேனியல் டென்னெட் உள்ளிட்ட சில தத்துவவாதிகள் ஓட்டையைச் சுட்டினார்கள்: சாரா தன் சொந்த அறிவை வைத்தே அந்தப் படத்தை எடுத்திருக்கலாமே, அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று யோசிக்க வேண்டிய அவசியமே அங்கே இல்லையே! ஒருவர் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறார், பார்ப்பவருக்கு உண்மை தெரியும், அந்த நிலையில் அவர் என்ன செய்வார் என்று கேட்டால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். இந்தத் துறையில் நடந்த விமர்சனங்களிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஹெய்ன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் 1983இல் அதைச் செய்து காட்டினார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், அவனுக்கு அது தெரியாது. திரும்பி வருகிறவன் எங்கே தேடுவான்? மூன்றிலிருந்து நாலு வயதுக்குள் இருந்தவர்களில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. நாலிலிருந்து ஆறு வயதில் 57 சதவீதம், ஆறிலிருந்து ஒன்பதில் 86 சதவீதம். சின்னக் குழந்தைகள் நிச்சயமாக, தயங்காமல், சாக்லேட் உண்மையில் இருக்கும் இடத்தைக் காட்டுகிறார்கள்.

1985இல் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃப்ரித் மூவரும் இதையே சாலி, ஆன் என்ற இரண்டு பொம்மைகளை வைத்துச் சுருக்கினார்கள். சாலி கூடையில் கோலிக்குண்டை வைத்துவிட்டுப் போக, ஆன் அதைப் பெட்டிக்கு மாற்றுகிறாள். முக்கியமான கேள்வியோடு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு: இப்போது குண்டு எங்கே இருக்கிறது, முதலில் எங்கே இருந்தது? இந்த இரண்டுக்கும் சரியாகச் சொன்னால்தான் குழந்தை கதையைக் கவனித்தது, மறக்கவில்லை என்று ஆகும். அதற்கப்புறம்தான் 'சாலி எங்கே தேடுவாள்' என்பதற்கு வரும் தவறான பதிலுக்கு அர்த்தம். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 குழந்தைகளில் 12 பேர் சரி. ஆட்டிசம் குழுவின் மொழித்திறன் சார்ந்த மனவயது (எந்த வயதுக் குழந்தையின் அளவுக்கு மொழி புரிகிறது என்பது) டவுன் சிண்ட்ரோம் குழுவைவிடக் கூடுதலாகவே இருந்தது, ஆகவே புத்தி போதவில்லை என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை. இந்த முடிவு எவ்வளவு தூரம் சரி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஆலிசன் காப்னிக், ஜேனட் ஆஸ்டிங்டன் இருவரும் 1988இல் வெளியிட்டது. மிட்டாய் டப்பாவைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்கிறார்கள். மிட்டாய் என்கிறது குழந்தை. திறந்தால் பென்சில். மூடிவிட்டு, திறப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கும் என்று நீ நினைத்தாய் என்று கேட்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் பலர் 'பென்சில்' என்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு முன்னால் தன் வாயால் மிட்டாய் என்று சொன்ன குழந்தை! அடுத்தவர் பார்வை மட்டும் எட்டாமல் இல்லை, தன்னுடைய பழைய பார்வையும் எட்டவில்லை. இன்றைய அறிவு நேற்றைய நினைப்பையும் சேர்த்து மூடிவிடுகிறது.

ஹென்றி வெல்மனும் கூட இருந்தவர்களும் 2001இல் இப்படிப்பட்ட 178 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கேள்வியை எப்படி மாற்றிப் போட்டாலும் வயதோடு முன்னேறும் அந்தப் பொதுப்போக்கு நிற்கிறது என்று தெரிந்தது. ஆனால் பேசத் தெரியாத குழந்தை விஷயத்தில் நிலைமை அவ்வளவு திடமில்லை. கிரிஸ்டீன் ஒனிஷி, ரெனே பாயர்ஜான் இருவரும் 2005இல் 15 மாதக் குழந்தைகளிடம், கேள்வியே கேட்காமல், எதை அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று மட்டும் அளந்தார்கள். தவறாக நம்பிக்கொண்டிருக்கும் ஒருவர் பொருள் உண்மையில் இருக்கும் பெட்டியில் கைவிட்டால் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள், எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பது போல. பெரிய பரபரப்பு. அதன் பிறகு கண் எங்கே, எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அளக்கும் இந்த வகைச் சோதனைகளைத் திரும்பச் செய்துபார்த்த பல ஆய்வகங்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை, பல நாட்டு ஆய்வகங்கள் ஒன்று சேர்ந்து இதைச் சோதிக்க இறங்க வேண்டியதாயிற்று. கைக்குழந்தைக்கே அடுத்தவர் மனம் புரியும் என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்புவதற்கு முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விருப்பத்தைப் புரிந்துகொள்வது இதற்கெல்லாம் முன்னாலேயே வந்துவிடுகிறது. 1997இல் பெட்டி ரெபகோலியும் காப்னிக்கும் செய்த சோதனையில் ஆய்வாளர் பச்சை பிராக்கோலியை ரசித்துச் சாப்பிட்டு, பிஸ்கட்டைப் பார்த்து முகம் சுளிப்பார். பிறகு கையை நீட்டி எனக்குக் கொஞ்சம் கொடு என்பார். 14 மாதக் குழந்தை தனக்குப் பிடித்த பிஸ்கட்டைக் கொடுக்கும், 18 மாதக் குழந்தை பிராக்கோலியை எடுத்துக் கொடுக்கும்.

அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது வயது ஏறினால் தானாக வருவதா? அதற்கு நிகராகுவாவின் சைகை மொழி நல்ல சாட்சி. அங்கே 1970களின் கடைசியில் காதுகேளாதோர் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளிடையே ஒரு புது மொழி உருவாகத் தொடங்கியது. முதல் தலைமுறையின் மொழியில் 'நினைக்கிறான்', 'தெரியும்' போன்ற சொற்கள் குறைவு, அடுத்து வந்தவர்களின் மொழியில் அவை செழித்துவிட்டன. ஜென்னி பயர்ஸும் ஆன் செங்காஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வயதில் மூத்த முதல் தலைமுறையினர், மாக்ஸி, சாலி கதைகளைப் போன்ற தவறான நம்பிக்கைச் சோதனையில் இளையவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். பெரியவர்கள், உலகம் தெரிந்தவர்கள், அறிவில் குறைவில்லாதவர்கள். இரண்டு வருடம் கழித்து, அந்தச் சொற்களும் அவர்களிடம் கூடியிருந்தபோது, சோதனையிலும் முன்னேறியிருந்தார்கள். பேசவும் செவிமடுக்கவும் ஆளில்லாமல் இந்தத் திறன் முழுதாக மலர்வதில்லை என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதுவரை குழந்தைகள். பெரியவர்களுக்கு சாலி சோதனை ரொம்பச் சுலபம், எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவோம். எனவே போவாஸ் கெய்சரும் கூட இருந்தவர்களும் 2000இல் இன்னொரு சூழ்நிலையை அமைத்தார்கள். உங்களுக்கும் எதிரே இருப்பவருக்கும் நடுவில் சதுரச் சதுரமாக அறைகள் உள்ள ஒரு நிலையடுக்கு. சில அறைகள் அவர் பக்கம் மூடியிருக்கும், உங்களுக்கு மட்டும் தெரியும். அது உங்களுக்கு நன்றாகவே காட்டப்படும், மறைக்கப்படாது. எதிரே இருப்பவர், 'அந்தச் சின்ன மெழுகுவர்த்தியை நகர்த்துங்கள்' என்கிறார். அடுக்கில் மூன்று மெழுகுவர்த்திகள், ஆனால் மிகச் சின்னது மூடிய அறையில் இருக்கிறது. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அவர் சொல்வது நடுத்தரமானதைத்தான். கண் அசைவைப் பதிவு செய்யும் கருவி காட்டியது என்னவென்றால், பார்வை முதலில் அந்த மறைந்திருக்கும் சின்னதற்குத்தான் போகிறது. பல பேர் கையை நீட்டியும் விடுகிறார்கள். 2003இல் இன்னும் அப்பட்டமாக, பொருளைப் பையில் போட்டு மறைத்து வைக்கும் வேலையையே பங்கேற்பவரிடம் கொடுத்தார்கள். எதிரே இருப்பவருக்குத் தெரியாது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அப்படியும் பாதிப் பேருக்கு மேல் ஒரு தடவையாவது அந்தப் பையை எடுக்கப் போனார்கள்.

இதைப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் நிக்கலஸ் எப்லி, கேரி மோர்வெட்ஜ், கெய்சர் மூவரும், 2004இல். நான் மிக முக்கியமாக நினைக்கும் முடிவு இதுதான்: முதல் பார்வை தன் பக்கத்திலிருந்தே போவதில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வித்தியாசமே இல்லை. பெரியவர்கள் அதிலிருந்து மீண்டு திருத்திக்கொள்ளும் வேகம்தான் அதிகம். பியாஜே சொன்ன 'தன் பார்வையிலேயே சிக்கிய குழந்தை' வளர்ந்து காணாமல் போவதில்லை, நமக்குள்ளேயே இருக்கிறது, நாம் ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டி வருகிறோம். தாண்டி வருவதற்கு உழைப்பு வேண்டும் என்பதால், அவசரத்திலும் கவனம் சிதறும்போதும் தாண்டாமலேயே நின்றுவிடுகிறோம். இரோய்ஸ் டூமோந்தெய், இயன் ஏப்பர்லி, சாரா-ஜேன் பிளேக்மோர் மூவரும் 2010இல் இதே விளையாட்டைக் கணினியில் வைத்து, 7 வயதிலிருந்து 27 வயது வரையிலான பெண்களைச் சோதித்தார்கள். ஒரு தடவை எதிரே ஆள் இருப்பார், இன்னொரு தடவை ஆள் இல்லாமல், மூடிய அறைகளை விட்டுவிடு என்று ஒரு விதி மட்டும் இருக்கும். விதியைப் பின்பற்றுவது வளரிளம் பருவத்தின் நடுவிலேயே பெரியவர்கள் அளவுக்கு வந்துவிட்டது. ஆளை வைத்துக் கேட்டபோது பதின்வயதின் கடைசிவரை போயும் பெரியவர்களைவிட அதிகத் தவறுகள். பதின்வயதினரோடு பேசிக் களைத்துப்போகும் பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் நாம் எப்போதும் தன் பார்வைக்காரர்கள்தானா? இங்கேதான் இதற்கு நேர் எதிரான ஒரு கண்டுபிடிப்பு வந்தது. டானா சாம்சன், ஏப்பர்லி முதலானோர் 2010இல் வெளியிட்டது. திரையில் ஓர் அறை, நடுவில் ஒரு கார்ட்டூன் மனிதர் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார், சுவர்களில் புள்ளிகள். உங்களுக்கு எத்தனை புள்ளி தெரிகிறது என்பதுதான் கேள்வி, அந்த மனிதரைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஆனாலும் உங்களுக்கு இரண்டு புள்ளி தெரிந்து அவருக்கு ஒன்றுதான் தெரியும் என்றால் உங்கள் பதில் தாமதமாகிறது. கேட்காமலேயே அவர் பார்வை உங்கள் கணக்கில் குறுக்கிடுகிறது!

சிசிலியா ஹேய்ஸ் உள்ளிட்ட குழு 2014இல் அந்தக் கார்ட்டூன் மனிதரை எடுத்துவிட்டு ஓர் அம்புக்குறியை வைத்தது. அதே தாமதம். அம்புக்குறிக்கு ஏது பார்வை? அது கவனத்தை ஒரு பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான், மனிதரும் அதையே செய்திருக்கலாம் என்றது அந்தக் குழு. இதற்குப் பதிலாக, மனிதருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தடுப்பு வைத்தார்கள் சிலர், கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள் சிலர். அவருக்குத் தெரியாது என்று நமக்குத் தெரிந்தால் தாமதம் மறைய வேண்டும். ஓர் ஆய்வில் மறைந்தது, இன்னொன்றில் மறையவில்லை. என் கணிப்பைக் கேட்டால், கவனம் இழுக்கப்படுவது பெரும்பகுதியை விளக்கிவிடும், முழுவதையும் விளக்காது. சாராவின் வீடியோவில் இருந்த அதே ஓட்டைதான் இங்கேயும்: அடுத்தவர் பார்வையை நினைக்காமலேயே அதே விளைவு வர வழி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆய்வகத்துக்கு வெளியே வாழ்க்கையில் இது எப்படித் தெரிகிறது? 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்தது இது: எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேஜையில் விரலால் தட்ட வேண்டும், இன்னொருவர் எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 தடவை தட்டியதில் 3 தான் சரியாக வந்தது. தட்டுகிறவர் காதில் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்பவருக்கு வெறும் டக் டக். ஜஸ்டின் க்ரூகர், எப்லி முதலானோர் 2005இல் மின்னஞ்சலில் கிண்டல் தொனி புரியுமா என்று பார்த்தார்கள். 78 சதவீதம் சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள், உண்மையில் 56 சதவீதம், அதாவது காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். ஒரு செய்தியால் வரும் மனக்கசப்பில் பாதி இப்படித்தான் உண்டாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உணர்ச்சிப் பக்கத்துக்கு வந்தால், டேனியல் பேட்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வைத் தவிர்க்க முடியாது. பெற்றோரை விபத்தில் இழந்து தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கல்லூரி மாணவியின் வானொலிப் பேட்டியைக் கேட்கவைக்கிறார்கள். ஒரு குழுவிடம் ஒட்டாமல் கேளுங்கள் என்கிறார்கள், இன்னொரு குழுவிடம் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக் கேளுங்கள், மூன்றாவது குழுவிடம் அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக் கேளுங்கள் என்கிறார்கள். பின்னால் சொன்ன இரண்டிலும் பரிவு கூடுகிறது. ஆனால் 'நானாக இருந்தால்' என்று நினைத்தவர்களுக்குப் பரிவோடு சேர்ந்து தங்கள் சொந்தப் பதற்றமும் கூடுகிறது. பதற்றம் கூடினால் ஆள் உதவுவதைவிட அந்த இடத்தை விட்டு விலகவே பார்ப்பார் என்பதை பேட்சனின் பழைய ஆய்வுகள் காட்டியிருந்தன. 'உன்னை அவள் இடத்தில் வைத்துப் பார்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அறிவுரை இரண்டில் எதைத் தூண்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது ஆரம்பத்தில் தள்ளிவைத்த கேள்வித்தாள். அதிகம் புழங்குவது மார்க் டேவிஸ் 1980இல் உருவாக்கியது, 28 வாக்கியங்கள், நாலு பகுதி, பகுதிக்கு ஏழு. அதில் ஒரு பகுதி அடுத்தவர் கோணத்தில் பார்ப்பது பற்றியது. நாலையும் பிரித்து வைத்தது நல்ல வேலை. சிக்கல் என்னவென்றால், சண்டையில் மற்றவர் பக்கத்தையும் பார்ப்பேன் என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வது, அவர் தன்னை எப்படி நினைக்கிறார் என்பதைத்தான் காட்டும். உண்மையில் அவர் கணித்தது சரியா என்பதற்கு வேறு முறை வேண்டும். வில்லியம் இக்கஸ் அதைச் செய்தார். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு அறையில் காத்திருக்கும்போது அவர்கள் பேசுவதை வீடியோ எடுத்து, பிறகு விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கி, ஒருவர் தனியாகப் பார்த்து 'இந்த இடத்தில் நான் இப்படி நினைத்தேன்' என்று எழுதுவார். மற்றவருக்கு அதே இடங்களில் வீடியோவை நிறுத்தி, அவர் என்ன நினைத்திருப்பார் என்று கேட்பார்கள். இரண்டும் எவ்வளவு பொருந்துகிறது என்று தனி நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். கஷ்டமான, நேரம் பிடிக்கும் முறை, ஆனால் இங்கே ஒப்பிட ஒரு உண்மையான விடை இருக்கிறது.

அப்படி விடை இருக்கும் சோதனைகளைத் திரட்டி டால் எயால், மேரி ஸ்டெஃபல், எப்லி மூவரும் 2018இல் 25 பரிசோதனைகளை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். போலிச் சிரிப்பைக் கண்டுபிடிப்பது, பொய்யைக் கண்டுபிடிப்பது, துணைக்கு எது பிடிக்கும் என்று சொல்வது என்று பலவகை. ஒரு குழுவிடம் அடுத்தவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள் என்று சொல்லிச் செய்யச் சொன்னார்கள். கணிப்பு மேம்படவில்லை, சில சமயம் குறைந்தது. தன் பக்கச் சாய்வு குறைந்தது உண்மை, ஆனால் அந்த இடத்தை நிரப்பச் சரியான தகவல் இல்லையே. தெரியாத ஒன்றைக் கற்பனை தராது. அவரிடமே பேசித் தெரிந்துகொள்ள வாய்ப்புக் கொடுத்தபோது கணிப்பு தெளிவாக உயர்ந்தது.

ஆட்டிசம் பற்றிச் சொல்லாமல் விட்டது பாக்கி. சாலி சோதனையிலிருந்து 'ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனம் புரியாது' என்று ஒரு பேச்சு பரவி, பல பேரைக் காயப்படுத்தியிருக்கிறது. அந்த முதல் ஆய்விலேயே 20 பேரில் 4 பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதையும், மொழித்திறன் வளர்ந்த பலர் பிறகு இந்தச் சோதனையைத் தாண்டிவிடுகிறார்கள் என்பதையும் அந்தப் பேச்சு விட்டுவிடுகிறது. தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012இல் எழுப்பிய வாதம் இன்னும் அடிப்படையானது: புரியாமல் போவது இரண்டு பக்கமும் நடக்கிறது, நாம் ஒரு பக்கத்தை மட்டும் சோதனைக்கு உட்காரவைக்கிறோம். எலிசபெத் ஷெப்பர்டும் கூட இருந்தவர்களும் 2016இல் அதைத் திருப்பிப் போட்டார்கள். ஆய்வாளர் ஒரு நகைச்சுவை சொன்னபோதும், பாராட்டியபோதும், காக்கவைத்தபோதும் ஒருவர் முகம் எப்படி மாறியது என்ற வீடியோவைக் காட்டி, அவருக்கு என்ன நடந்தது என்று ஆட்டிசம் இல்லாதவர்களிடம் கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்வதில் அவர்களுக்கு அதிகத் தவறுகள் வந்தன. இந்த முறை சோதனைக்கு உட்கார்ந்து தோற்றது, வழக்கமாக மதிப்பெண் போடும் பக்கம்.